சாகா வரம் சரி... பில் யார் பேருக்கு?

ஃபிரான்ஸில் ஆர்ல் என்று ஓர் ஊர். அங்கே ரஃப்ரே என்று ஒரு வக்கீல். 1965ல் அவருக்கு வயது 47. அதே ஊரில் 90 வயதுப் பாட்டி ஒருவர். பெயர் ழான் கல்மான். மகளும் பேரனும் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சொத்து என்று ஒரு வீடு. வக்கீல் பாட்டியோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். பாட்டி இருக்கும் வரை மாதம் 2,500 ஃபிராங்க் வக்கீல் தருவார். பாட்டி கண்ணை மூடியதும் வீடு வக்கீலுக்கு.

சார், நீங்களாக இருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பீர்களா, மாட்டீர்களா? தொண்ணூறு வயது! நானாக இருந்தால் அடுத்த தீபாவளிக்கு வெள்ளையடிக்க ஆளே சொல்லி வைத்திருப்பேன்.

முப்பது வருஷம் ஓடியது. 1995 டிசம்பரில் காலமானார்... வக்கீல்! பாட்டிக்கு அப்போது வயது 120. மாதம் 2,500, வருஷத்துக்கு 30,000, முப்பது வருஷத்துக்கு ஒன்பது லட்சம் ஃபிராங்க். வீட்டு விலையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கட்டியும் ஒரு ராத்திரிகூட அங்கே குடியிருக்கக் கொடுத்து வைக்கவில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே? அவருக்குப் பிறகு அவர் மனைவி கட்டினார். 1997 ஆகஸ்டில், 122 வருஷம் 164 நாள் முடித்துவிட்டுப் பாட்டி விடைபெற்றார். ஆதாரத்தோடு இவ்வளவு வயது வாழ்ந்தவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை. (அது பாட்டியே இல்லை, மகள் போட்ட வேஷம் என்று 2018ல் ரஷ்யாவிலிருந்து ஒரு புகார் கிளம்பியது. பெரும்பாலான நிபுணர்கள் ஏற்கவில்லை. வக்கீல் இருந்திருந்தால் கேஸ் போட்டிருப்பார்.)

நான் படித்தது பி.காம். அந்தப் படிப்பில் எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு வாக்கியம்: ஒரு பக்கம் வரவு என்றால் எங்கேயோ ஒரு பக்கம் பற்று இருந்தே தீரும். கல்மான் பாட்டியின் 122 வருஷம் வரவு. பற்று, ரஃப்ரே வீட்டுக் கணக்கில்.

இப்போது உலகம் முழுக்க ஆயுளை நீட்டுவது பற்றித்தான் பேச்சு. நூறு, நூற்றைம்பது, அப்புறம் சாவே கிடையாது என்கிறார்கள். நல்லது. நீங்களும் நானும் கேட்க வேண்டிய கேள்வி, அந்தப் பற்று எந்தப் பக்கத்தில் எழுதப்படுகிறது என்பது.

*

நான் குடியிருப்பது பாலவாக்கம். திருவான்மியூர் தாண்டி, கொட்டிவாக்கம் தாண்டி, நீலாங்கரைக்கு முன்னால். 2011ல்தான் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தோம். (மனை விற்கிறவர்கள் அதற்கு வெகு முன்னாலேயே எங்களைச் சேர்த்துவிட்டார்கள்.) காலை ஐந்தரைக்குக் கடற்கரைப் பக்கம் வந்து பாருங்கள். ஆயுள் நீட்டிப்பு ஆராய்ச்சி அங்கேதான் முழுவேகத்தில் நடக்கிறது. அருகம்புல் ஜூஸ், வாழைத்தண்டு ஜூஸ், முடவாட்டுக்கால் சூப். கைக்கடிகாரத்தில் பத்தாயிரம் அடி முடிந்தால்தான் வீட்டுக்குத் திரும்புவேன் என்று சபதம் எடுத்த ரிட்டயர்டு அதிகாரிகள். 9,800ல் வீட்டு வாசல் வந்துவிட்டதால் கேட்டுக்கு முன்னால் நின்ற இடத்திலேயே தையதக்கா போட்ட ஒரு மாஜி சூப்பரின்டெண்டிங் எஞ்சினீயரை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதே மணலில், அதே நேரத்தில், குப்பத்து ஆட்கள் வலை சிக்கெடுத்துக்கொண்டிருப்பார்கள். அதில் ஒரு பெரியவரிடம் ஒருநாள் பேச்சுக் கொடுத்தேன். எழுபது இருக்கும் என்று நினைத்தேன். அறுபது முடியவில்லையாம்.

"நூறு வயசு வரைக்கும் வாழறதுக்கு மருந்து வரப்போவுதாமே, சாப்பிடுவீங்களா?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "நூறு வயசு வரைக்கும் என்னை வலை இழுக்கச் சொல்றியா?" என்றார்.

ஷூ போட்ட அறுபதுக்கும் வெறுங்கால் அறுபதுக்கும் நடுவில் இருநூறு அடி மணல்தான். காற்று ஒன்று, கடல் ஒன்று. கணக்குப் புத்தகம் மட்டும் வேறு.

*

இந்த ஆசை நமக்குப் புதுசா என்ன? எங்கள் வீட்டிலிருந்து வடக்கே கொஞ்சம் போனால் திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயில். அகத்தியருக்கு ஈஸ்வரனே வைத்தியம் சொல்லிக் கொடுத்த இடம் என்பது தலபுராணம். சித்தர்கள் காயகற்பம் என்றார்கள். திருமூலர் 3,000 வருஷம் இருந்தார் என்கிறது மரபு. எமனை உதைத்த திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் இன்றைக்கும் க்யூ.

விஞ்ஞானிகளின் காயகற்பத்துக்கு இப்போதைக்குப் பெயர் ராப்பமைசின். பசிபிக் கடலில் ஈஸ்டர் தீவு; உள்ளூர்ப் பெயர் ராப்பா நூயி. 1964ல் அங்கே போன கனடாக் குழு ஒன்று மண் அள்ளிக்கொண்டு வந்தது. அந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து இந்த மருந்தைப் பிரித்தெடுத்தவர் சுரேந்திர நாத் சேகல்; பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்து மான்ட்ரியலில் வேலை பார்த்தவர். கம்பெனி அந்த லேபை இழுத்து மூடியபோது மனசு கேட்காமல் மாதிரியை வீட்டுக்கு எடுத்துப்போய் ஃப்ரீசரில் பத்திரப்படுத்தினாராம். (நம் வீட்டு ஃப்ரீசராக இருந்தால் இட்லி மாவுக்கு இடம் பண்ண வெளியே போயிருக்கும்.) 1999ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. எதற்கு? சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களின் உடம்பு புதுச் சிறுநீரகத்தை வெளியே தள்ளாமல் இருப்பதற்கு. பத்து வருஷம் கழித்து, 2009ல், மனிதக் கணக்கில் அறுபது வயதான எலிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண் எலிக்கு ஆயுள் 9 சதவீதம் கூடியது, பெண் எலிக்கு 14 சதவீதம். எலி உலகத்தில் தீபாவளி! ஆனால் இது நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் மருந்து என்பதை மறந்துவிடக் கூடாது. வரவு எழுதிய அதே பக்கத்தில் பற்று.

பணம் கொட்டுகிறது. 2013ல் கூகுள், காலிகோ என்று இதற்காகவே ஒரு கம்பெனி ஆரம்பித்தது. 2022ல் ஆல்டோஸ் லேப்ஸ் என்று ஒன்று, 300 கோடி டாலர் மூலதனத்தோடு கடை திறந்தது. வயதான செல்லை மறுபடி இளசாக்குவது அவர்கள் திட்டம்.

பிரையன் ஜான்சன் என்று ஓர் அமெரிக்கர். தன் கம்பெனியை 2013ல் 80 கோடி டாலருக்கு விற்றவர். வருஷத்துக்கு இருபது லட்சம் டாலர் செலவு செய்து வயதைப் பின்னால் தள்ளப் பார்க்கிறவர். 2023ல் அவர் செய்த காரியம் ஒன்று. 17 வயது மகனின் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவை எடுத்துத் தனக்கு ஏற்றிக்கொண்டார். தன் பிளாஸ்மாவைத் தன் அப்பாவுக்கு ஏற்றினார். மூன்று தலைமுறை, ஒரே குழாய். கடைசியில் தனக்கு ஒரு பலனும் தெரியவில்லை என்று அவரே சொல்லி நிறுத்திவிட்டார்.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது எங்கேயோ கேட்ட கதை ஆயிற்றே! மகாபாரதத்து யயாதி. சுக்கிராச்சாரியார் சாபத்தால் கிழவனாகிவிட்ட ராஜா. "உன் இளமையைக் கொடு, என் கிழத்தை எடுத்துக்கொள்" என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டுக்கொண்டே போனான். மற்றவர்கள் நழுவிவிட்டார்கள். கடைக்குட்டி புரு சரி என்றான். ஆயிரம் வருஷம் ஆசை தீர அனுபவித்துப் பார்த்து, ஆசை தீரவில்லை என்று கண்டுபிடித்து, இளமையைத் திருப்பிக் கொடுத்தான் யயாதி. அந்த ஆயிரம் வருஷம் புருவின் கணக்கில் பற்று.

நம் தமிழ்நாட்டில் இதற்கு நேர் எதிர்க் கதை ஒன்று உண்டு. தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, அதியமான். நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனி அவன் கைக்குக் கிடைக்கிறது. கனி ஒன்றே ஒன்று. தான் சாப்பிடவில்லை, என்ன கனி என்றுகூடச் சொல்லாமல் அவ்வைக்குக் கொடுத்துவிடுகிறான். ஸ்கூலில் இதைப் படித்தபோது 'வள்ளல்' என்று ஒரு மார்க்குக்கு விடை எழுதிவிட்டு நகர்ந்துவிட்டோம். இப்போது யோசித்தால், மருந்து ஒன்றுதான் இருக்கிறது, யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியை அவன் தன்னந்தனியாக, கமிட்டி போடாமல், தீர்த்திருக்கிறான். கனி ஐந்து கோடி ரூபாய் என்று விலை ஒட்டி வந்தால் அவ்வைகளுக்கா போய்ச் சேரும்?

*

சிதம்பரத்துப் பக்கம் ஒரு விசேஷம் இருக்கிறது. 1823ல் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தவர் வள்ளலார். மரணமில்லாப் பெருவாழ்வு சாத்தியம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர். 1874 ஜனவரி 30ல் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போனார். ஜோதியில் கலந்தார் என்பது அன்பர்கள் நம்பிக்கை. அதற்கப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை என்று 1906ல் வெள்ளைக்கார அதிகாரி ஃபிரான்சிஸ் எழுதிய தென்னார்க்காடு கெசட்டியரிலும் பதிவாகியிருக்கிறது.

நான் அந்த அறைக்குள் தலையை விடப்போவதில்லை. எனக்குத் தேதிகள்தான் முக்கியமாகப் படுகின்றன. 1867 மே மாதம் வடலூரில் சத்திய தருமச்சாலை. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை, வருகிறவர் யாராக இருந்தாலும் சோறு. 1872ல் சத்திய ஞானசபை. 1874ல் அந்த அறை. வரிசையைப் பாருங்கள் சார்! சாகாக் கலை சொல்ல வந்தவர் முதலில் கட்டியது சமையல்கட்டு. அடுத்தவன் பசியைத் தன் செலவில் எழுதிவிட்டுத்தான் மேலே போனார்.

அதே சிதம்பரத்தில் 1952ல் பிறந்தவர் வெங்கி ராமகிருஷ்ணன். 2009ல் வேதியியல் நோபல் வாங்கினாரே, அவர்தான். நாம் ஏன் சாகிறோம் என்பதையே தலைப்பாக வைத்து 2024ல் ஒரு புத்தகம் போட்டார். முதுமை ஆராய்ச்சியில் நிஜம் எது, வியாபாரம் எது என்று பிரித்துப் பார்க்கிற புத்தகம். அவருக்கும் அதே கவலைதான். இப்போதே பணக்காரன் ஏழையைவிடப் பல வருஷம் கூடுதலாக வாழ்கிறான். மருந்து வந்தால் இந்த இடைவெளி இன்னும் அகலமாகும், சமூகமும் தேங்கிப் போகும் என்கிறார்.

தேங்குவது என்றால் என்ன? ஆபீஸ் போகிற உங்களுக்கு விளக்கவே வேண்டாம். தமிழக அரசு ஊழியர் ஓய்வு வயதை 2020ல் 58லிருந்து 59 ஆக்கினார்கள், 2021ல் 60 ஆக்கினார்கள். இரண்டே இரண்டு வருஷம்! அதற்கே புரமோஷனுக்குக் காத்திருந்தவர்களும், சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பையன்களும் விட்ட பெருமூச்சில் ஃபேன் இல்லாமலே காகிதம் பறந்தது. இதில் 150 வயது மேனேஜர் என்றால்? "நான் ஜாயின் பண்ணப்ப லெட்ஜர்லாம் கையாலதான் தம்பி எழுதுவோம்" என்று நூற்றிருபது வருஷம் கேட்க வேண்டும். வீட்டுக் கடன் இருநூறு மாதத் தவணை என்பது இருநூறு வருஷத் தவணை ஆகும். தாத்தாவின் தாத்தா உயிரோடு இருக்க, பாகப்பிரிவினைக்கு எட்டாவது தலைமுறை வாய்தா வாங்கும். ஜாயிண்ட் ஃபேமிலி என்றால் கல்யாண மண்டபம் பிடித்துத்தான் குடித்தனம்.

ஒன்றை மட்டும் மறுக்க முடியாது. ஆயுள் நீட்டிப்பு ஏற்கெனவே ஒரு தடவை நடந்து முடிந்திருக்கிறது. சுதந்திரம் வந்தபோது இந்தியனின் சராசரி ஆயுள் சுமார் 32. இன்றைக்கு 70ஐ ஒட்டி. இதைச் செய்தது எந்தக் கோடீஸ்வரன்? அம்மை குத்த வந்தவர், குழாய்த் தண்ணீரில் குளோரின் போட்டவர், பிரசவம் பார்த்த நர்ஸம்மா. 1971ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா கொள்ளை கொண்டு போனபோது உப்பு, சர்க்கரை கலந்த தண்ணீரை டிரம் டிரம்மாகக் கரைத்து வைத்து ஆயிரக்கணக்கானவர்களைப் பிழைக்க வைத்த கல்கத்தா டாக்டர் திலீப் மகலனபிஸ். 1982ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுக் கூடத்தில் சாம்பார் ஊற்றிய ஆயா. செலவு பொதுக் கணக்கில். வரவும் பொதுக் கணக்கில். இப்படிப்பட்ட நீட்டிப்புக்கு எந்த யயாதியும் தேவைப்படவில்லை.

*

உங்களுக்கும் எனக்கும் வரப்போகிற ஆயுள் நீட்டிப்பு பிளாஸ்மாவில் வராது. ஐ.சி.யு.வில் வரும்.

என் நண்பன், தனியார் கம்பெனி அக்கவுண்ட்ஸில் இருக்கிறான். அவன் அப்பாவுக்கு 76. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பத்தொன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்தார். பி.எஃப். கரைந்தது, மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. அதை அவன் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. சொன்னது வேறு. பதினாலாம் நாள் ராத்திரி டாக்டர் கூப்பிட்டு, "இனிமே திரும்பி வர வாய்ப்பு இல்லை. தொடரணுமா, எப்படின்னு நீங்கதான் சொல்லணும்" என்றாராம்.

"முப்பது வருஷம் அவரோட ஒரே வீட்டுல இருந்திருக்கேண்டா. சாம்பார்ல உப்பு எவ்வளவு வேணும்னு தெரியும். இதுல அவருக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியலை. ஒருநாள்கூடக் கேட்டதில்லை" என்றான். தங்கை தொடரணும் என்றாள். சித்தப்பா வேண்டாம் என்றார். அம்மா யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். இவன் தொடரச் சொன்னான். ஐந்து நாளில் அப்பாவே முடிவெடுத்துவிட்டார். இன்றுவரை அவன் தங்கையும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை.

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது. கண்ணியத்தோடு சாவதும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று 2018 மார்ச் 9ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. குணமாக வாய்ப்பே இல்லாத கட்டத்தில் எனக்கு இன்ன சிகிச்சை வேண்டாம் என்று, நல்ல நினைவு இருக்கும்போதே ஒருவர் எழுதி வைக்கலாம். மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று முதலில் இருந்தது, யார் அலைவது? 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும் என்றாக்கினார்கள். எழுதி வைத்தாலும் உடனே குழாயைப் பிடுங்கிவிட முடியாது. ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர் குழுக்கள் அடுத்தடுத்துப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும்.

எதற்கு இவ்வளவு கெடுபிடி? தென்மாவட்டங்களில் 'தலைக்கூத்தல்' என்று ஒரு வழக்கம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். படுத்த படுக்கையான கிழவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, ஜன்னி வரவழைத்து அனுப்பி வைப்பது. தேசிய விருது வாங்கிய 'பாரம்' படம் இதைப் பற்றியதுதான். அங்கேயும் "அவர் கஷ்டப்பட வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். சொல்வது யார் என்பதுதான் விஷயம். 'எனக்குப் போதும்' என்று பெரியவர் சொல்வது ஒன்று. 'அவருக்குப் போதும்' என்று பிள்ளை சொல்வது முற்றிலும் வேறு. சுமை ஒருவர் தோளில், கையெழுத்து இன்னொருவருடையது என்றால் ஆடிட்டர் எழுந்து நிற்கத்தான் வேண்டும்.

இதையெல்லாம் எங்கள் பெரியப்பாவிடம் போன மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். வயது 81. மத்திய அரசில் தணிக்கை வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்; நான் பி.காம். என்பதால் மட்டுமே என்னை மனிதனாக மதிப்பவர். கேட்டுக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் போனால் இரண்டு பக்கம் டைப் அடித்து ரெடியாக இருந்தது.

"டேய் பி.காம்., தப்பு இருக்கான்னு பாரு."

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க பெரியப்பா. நான் சாட்சி போடட்டுமா?"

"நீ சொந்தக்காரன். உனக்கு அதுல வேலை கிடையாது. வாக்கிங் வர்ற எஞ்சினீயர் ஒருத்தர், நம்ம அயர்ன்காரர் ஒருத்தர். பேசிட்டேன்."

டல்லாஸில் இருக்கும் அண்ணனுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இப்ப எதுக்குப்பா இதெல்லாம்?" என்றான். குரல் கம்மியிருந்தது.

"நீ லீவு கிடைச்சு ஃப்ளைட் பிடிச்சு வர்றதுக்குள்ள இவன் தலையில விழும்டா. அதுக்குத்தான்" என்று என்னைக் கையைக் காட்டினார் பெரியப்பா. அவனுக்கு எப்படித் தெரியும் கையைக் காட்டியது? எனக்குத் தெரிந்தது.

பெரியம்மா காகிதத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். "இதே மாதிரி எனக்கும் ஒண்ணு அடிச்சுடுங்க. ஆனா நான் பேசற நிலைமையில இருக்கற வரைக்கும் காபியை நிறுத்தக்கூடாதுன்னு தனியா போடணும்" என்றாள். பெரியப்பா சீரியஸாகப் பேனாவை எடுத்து மார்ஜினில் குறித்துக்கொண்டார்.

நோட்டரியிடம் செவ்வாய்க்கிழமை போகலாம் என்றேன். பெரியம்மா காலண்டரைப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு அஷ்டமி" என்றாள். வியாழக்கிழமை பத்தரைக்கு மேல் என்று முடிவாயிற்று. ஆட்டோ நான் சொல்ல வேண்டும்.